337 அசிஸ்ட், 223 டர்ன்ஓவர்: கெய்ட்லின் கிளார்க்கின் முதல் சீசன்

அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ 1997இல் தொடங்கியது. அதன் 2024 சீசனில் ஒரே ஆட்டக்காரர் இரண்டு லீக் சாதனைகளைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார். ஒரு சீசனில் மிக அதிக அசிஸ்ட், அதாவது சக ஆட்டக்காரர் உடனே கூடை போடும்படி கொடுத்த பாஸ்: 337. ஒரு சீசனில் மிக அதிக டர்ன்ஓவர், அதாவது ஷாட் எடுப்பதற்கு முன்பே பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது: 223. இரண்டையும் அவர் செய்தது தன் முதல் சீசனில். இண்டியானா ஃபீவர் அணியில் பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்தும் பாயின்ட் கார்டு, 22 வயது கெய்ட்லின் கிளார்க்.

அந்த ஆண்டு முழுக்க அவரைப் பற்றிய சண்டை இந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் நடந்தது. பிடித்தவர்கள் 337ஐக் காட்டினார்கள், பிடிக்காதவர்கள் 223ஐக் காட்டினார்கள். கல்லூரியில் சிறு பிள்ளைகளை எதிர்த்து ஆடிய ஆட்டம் பெரியவர்களிடம் செல்லாது என்று சொன்னவர்களுக்கு இரண்டாவது எண் நல்ல சாட்சியாக இருந்தது. அந்தச் சாட்சியத்தை நான் ஏற்கவில்லை. இரண்டு எண்ணும் ஒரே பழக்கத்திலிருந்து வருபவை. அந்தப் பழக்கம் கல்லூரியிலேயே உருவானது, தொழில்முறை லீக்கிலும் அப்படியே செல்லுபடியானது. செல்லாமல் போனது வேறொன்று. அது டர்ன்ஓவர் கணக்கில் தெரியாது.

அயோவாவின் பெண்

கிளார்க் பிறந்தது 2002 ஜனவரி 22 அன்று, அயோவா மாநிலத் தலைநகர் டெ மொயினில். வளர்ந்தது பக்கத்திலேயே, வெஸ்ட் டெ மொயினில். பெண்கள் கூடைப்பந்துக்கு அயோவாவில் தனி வரலாறு உண்டு. அங்கே பள்ளிப் பெண்கள் பல பத்தாண்டுகள் ஆறு பேர் ஆட்டம் ஆடினார்கள். ஓர் அணியில் மூன்று பேர் ஒரு பாதியில் நின்று ஷாட் மட்டும் எடுப்பார்கள், மூன்று பேர் மறு பாதியில் தடுப்பு மட்டும் ஆடுவார்கள், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. 1968 மாநிலப் போட்டியில் டெனிஸ் லாங் என்ற பள்ளி மாணவி ஒரே ஆட்டத்தில் 111 புள்ளி எடுத்தார். மாநிலம் முழுக்க அவர் பெயர் தெரியும். அந்த ஆட்டம் 1993 வரை உயிரோடு இருந்தது. பெண்கள் ஆடும் கூடைப்பந்தைக் குடும்பத்தோடு அரங்கம் நிறையப் பார்ப்பது அயோவாக்காரர்களுக்கு 2024இல் திடீரென்று வந்த ஆசை இல்லை. கிளார்க்கை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குக் கூடிய கூட்டம் புரியும்.

டௌலிங் கத்தோலிக்கப் பள்ளியில் படித்து முடித்தபோது நாட்டின் பெரிய அணிகள் பலவும் அவரைத் தேடி வந்தன. அவர் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத் தூரத்தில் இருந்த அயோவா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். கோச் லிசா புளூடர் அங்கே வேகமாக ஓடி ஆடும் ஆட்டத்தை வளர்த்திருந்தார். கேட்க எளிய முடிவுபோல இருக்கும். ஆனால் இந்த ஆய்வுக்கு முக்கியமான விஷயம் இதுதான்: ஏற்கெனவே நட்சத்திரங்கள் நிறைந்த ஓர் அணிக்கு அவர் போயிருந்தால் முதல் நாளிலிருந்தே பந்து அவர் கையில் இருந்திருக்காது. அயோவாவில் இருந்தது. நான்கு ஆண்டுகள், 139 ஆட்டங்கள், ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலையும் அவரே தொடங்கினார். தவறு செய்ய அனுமதி இருந்தது. அந்த அனுமதியில் வளர்ந்தவர் அவர்.

முதல் ஆண்டு, 2020-21, கோவிட் காலம். ஆள் இல்லாத அரங்கங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 26.6 புள்ளியும் 7.1 அசிஸ்ட்டும் எடுத்தார். இரண்டாம் ஆண்டில் புள்ளி, அசிஸ்ட் இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம். கல்லூரி ஆட்டத்தின் உச்ச மட்டமான முதல் பிரிவில், பெண்களில் ஒரே சீசனில் இரண்டிலும் முதலிடம் பிடித்தது அவர்தான் முதல். அந்த ஆண்டின் முடிவு மட்டும் கசப்பானது. தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்றில், சொந்த அரங்கில், கிரெய்ட்டன் என்ற சிறிய அணியிடம் 64–62 என்று தோற்றார்கள். கடைசி நேரத்தில் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட் ஒன்றைப் போட்டு அவர்களை வீழ்த்திய லாரன் ஜென்சன், அதற்கு முந்தைய ஆண்டு அயோவாவுக்கே ஆடியவர்.

மூன்றாம் ஆண்டில்தான் அயோவாவுக்கு வெளியே எல்லாரும் அவரைக் கவனித்தார்கள். 2023 கால் இறுதியில் லூயிவில்லுக்கு எதிராக 41 புள்ளி, 12 அசிஸ்ட், 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). தேசியப் போட்டியில், ஆண்களோ பெண்களோ, 40 புள்ளியோடு டிரிபிள்-டபுள், அதாவது இந்த மூன்றிலும் பத்தோ அதற்கு மேலோ, எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. அரை இறுதியில் எதிரே வந்தது, அந்த சீசனில் 36 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத சவுத் கரோலினா. அங்கேயும் 41 புள்ளி, அயோவா 77–73 என்று வென்றது. இறுதியில் ஏஞ்சல் ரீஸ் ஆடிய லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்எஸ்யுவிடம் 102–85 என்று தோற்றார்கள். ஆட்ட முடிவில் ரீஸ் செய்த கை சைகையைப் பற்றி நாடே வாரக்கணக்கில் விவாதித்தது. அந்த விவாதத்துக்கு இங்கே இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு பேரும் ஆடிய ஆட்டம் அதைவிடப் பெரியது.

மோனிகா சினானோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளும் அயோவாவின் உள்பக்க ஆட்டக்காரர் அவர். கிளார்க் தொலைவிலிருந்து எறியும் பாஸ் எங்கே, எந்த நொடியில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். கூடைக்குக் கீழே தடுப்பாட்டக்காரரை முதுகால் அடைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் உயர்த்துவார், பந்து அந்தக் கைக்கு வந்துவிடும். இந்த உறவு வளர மூன்று ஆண்டுகள் ஆயின. அடுத்து வருவதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

3,951

நான்காம் ஆண்டு, 2023-24, ஆட்டத்துக்கு 31.6 புள்ளி, 8.9 அசிஸ்ட், சீசனில் 201 மூன்று புள்ளி ஷாட். அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கமான கின்னிக்கில், திறந்த வெளியில் டிபால் அணியோடு ஒரு காட்சி ஆட்டம் வைத்தார்கள். 55,646 பேர் வந்தார்கள்.

2024 பிப்ரவரி 15, மிச்சிகனுக்கு எதிரான ஆட்டம். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் கெல்சி பிளம் வைத்திருந்த 3,527 புள்ளிச் சாதனையை முறியடிக்க கிளார்க்குக்கு 8 புள்ளி வேண்டும். முதலில் கூடைக்கு அருகே போய்ப் போடும் லேஅப் ஒன்று. அடுத்து ஒரு மூன்று புள்ளி. அதன்பின் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி, இடதுபக்கமாக இரண்டு தட்டு தட்டி, மைதானத்தின் நடுவில் வரைந்திருக்கும் சின்னத்தின் ஓரத்திலிருந்தே எறிந்தார். தடுக்க வந்தவர் இன்னும் கையைத் தூக்கவே இல்லை. அந்த இடத்திலிருந்து ஷாட் வரும் என்று ஒருவர் எதிர்பார்த்துத் தடுக்க வேண்டும் என்றால், அவருக்குப் பின்னால் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளார்க்கின் ஆட்டம் முழுவதும் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனபோதே சாதனை முடிந்தது. அன்று மொத்தம் 49 புள்ளி எடுத்தார்.

பிப்ரவரி 28 அன்று லினெட் உட்டார்டின் 3,649ஐத் தாண்டினார். மார்ச் 3 அன்று, ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக, முதல் பாதியின் கடைசி நொடியில், எதிரணியின் தவறுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவால், ஆண்களில் உச்சமாக இருந்த பீட் மராவிச்சின் 3,667ஐயும் தாண்டினார். கல்லூரி வாழ்க்கையை முடிக்கும்போது 3,951. ஆண், பெண் இருபாலரிலும் முதல் பிரிவில் இதுவே உச்சம்.

ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை. மராவிச் 1960களின் இறுதியில் மூன்று ஆண்டுகள்தான் ஆடினார். முதலாண்டு மாணவர்களுக்கு அப்போது முதன்மை அணியில் ஆட அனுமதி இல்லை. 83 ஆட்டங்களில், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில், ஆட்டத்துக்கு 44.2 புள்ளி எடுத்தவர் அவர். உட்டார்ட் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய 1977–81 காலத்தில் பெண்களுக்கும் மூன்று புள்ளிக் கோடு கிடையாது, ஆண்கள் பயன்படுத்திய பெரிய பந்தில்தான் ஆட வேண்டும். பெண்கள் போட்டிகளைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ அப்போது நடத்தவே இல்லை என்பதால் அவருடைய புள்ளிகள் பல ஆண்டுகள் அதிகாரப்பூர்வப் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. கிளார்க்கின் ஓட்டத்தால் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று, உட்டார்டின் பெயரை ஒரு தலைமுறை புதிதாகக் கேட்டது. மார்ச் 3 அன்று அவரும் அரங்கில் இருந்தார்.

கால் இறுதியில் மறுபடி எல்எஸ்யு. கிளார்க் 41 புள்ளி, 12 அசிஸ்ட், 9 மூன்று புள்ளி ஷாட். அயோவா 94–87 என்று பழைய கணக்கைத் தீர்த்தது. இறுதி ஆட்டம் ஏப்ரல் 7, எதிரணி சவுத் கரோலினா. முதல் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் முதல் கால் பகுதியில், கிளார்க் 18 புள்ளி எடுத்தார். மீதி மூன்று குவார்ட்டரிலும் சேர்த்து 12. அயோவா 87–75 என்று தோற்றது.

இந்த 18ஐயும் 12ஐயும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். முதல் குவார்ட்டருக்குப் பின் சவுத் கரோலினா செய்தது மந்திரமில்லை. ரேவன் ஜான்சன் போன்ற வேகமும் பலமும் உள்ள தடுப்பாட்டக்காரர்களை அவர் மேல் ஒட்டவைத்தார்கள். அரங்கின் முழு நீளத்துக்கும் கூடவே போனார்கள், தோளோடு தோள் உரசினார்கள், களைத்தால் ஆளை மாற்றினார்கள். ஒரே தரத்தில் பத்துப் பேர் இருக்கும் அணி மட்டுமே இப்படி ஆட முடியும். கல்லூரியில் அப்படி ஓர் அணி, இரண்டு அணி இருக்கும். டபிள்யூஎன்பிஏவில் அன்று இருந்தவை 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், மொத்தமே 144 இடம். அங்கே எல்லா அணியும் அப்படித்தான். அவருக்கு லீக்கில் என்ன காத்திருக்கிறது என்பதை அந்த மூன்று குவார்ட்டரும் முன்கூட்டியே காட்டிவிட்டன.

37 நாள்

இறுதி ஆட்டம் ஏப்ரல் 7. லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரல் 15. இண்டியானா ஃபீவர் முதல் இடத்தில் கிளார்க்கை எடுத்தது. முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். ஏப்ரல் இறுதியில் பயிற்சி முகாம். மே 14 அன்று முதல் ஆட்டம். கல்லூரியின் கடைசி ஆட்டத்துக்கும் தொழில்முறையின் முதல் ஆட்டத்துக்கும் இடையே 37 நாள். ஆண்கள் என்பிஏவில் ஜூனில் டிராஃப்ட் ஆகிறவருக்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. கோடைக்கால லீக் இருக்கிறது, உடலைத் தேற்றிக்கொள்ள நாட்கள் இருக்கின்றன. பெண்களுக்கு இது எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுக்காமல் மே மாத ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள்.

ஃபீவரும் தேறிய அணி இல்லை. 2016க்குப் பின், சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2022இல் 5 வெற்றி, 31 தோல்வி. அதிகம் தோற்ற அணிகளுக்கு டிராஃப்டில் முன்னுரிமை உண்டு, அந்தத் தோல்விகளின் பலனாக 2023இல் கிடைத்தவர் அலியா பாஸ்டன். கல்லூரியில் சவுத் கரோலினாவின் தூண், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம். இவரோடு வேகமாக ஓடி ஷாட் எடுக்கும் கெல்சி மிச்சல். இளைய அணி, கோச் கிறிஸ்டி சைட்ஸ்.

முதல் ஆட்டம் கனெக்டிகட் சன்னிடம். டிஜோனாய் கேரிங்டன் கிளார்க்கைவிட்டு ஓர் அடிகூட விலகவில்லை. கிளார்க்கின் முதல் கூடை இரண்டாம் குவார்ட்டரில்தான் விழுந்தது. முடிவில் 20 புள்ளி, 10 டர்ன்ஓவர், 92–71 தோல்வி. அறிமுக ஆட்டத்தில் இத்தனை டர்ன்ஓவர் லீக்கில் வேறு யாரும் செய்ததில்லை. அடுத்து நியூயார்க் லிபர்ட்டியிடம் 102–66. அப்புறம் மறுபடி நியூயார்க், மறுபடி கனெக்டிகட். 20 நாளில் 11 ஆட்டம், அதில் ஐந்து இந்த இரண்டு பலமான அணிகளிடம். ஜூன் 2 அன்று 104–68 என்று நியூயார்க்கிடம் தோற்றபோது கிளார்க் எடுத்தது 3 புள்ளி. அணியின் கணக்கு 2 வெற்றி, 9 தோல்வி.

அந்த நாட்களில் அணி பயிற்சி என்று உட்கார்ந்து எதையும் சரிசெய்ய நேரமே இல்லை. ஆட்டம், விமானம், ஆட்டம். சினானோவோடு மூன்று ஆண்டு எடுத்த விஷயத்தை பாஸ்டனோடு மூன்று வாரத்தில், ஆட்டத்துக்கு நடுவிலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு டர்ன்ஓவர் எப்படி நடக்கிறது

கிளார்க் பந்தை மேலே கொண்டுவருகிறார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓர் ஆறு அடி வெளியே பாஸ்டன் வந்து, கிளார்க்கின் தடுப்பாட்டக்காரருக்குக் குறுக்கே சுவர்போல நிற்கிறார். இதுதான் ஸ்கிரீன். சாதாரண கார்டாக இருந்தால் பாஸ்டனைத் தடுப்பவர் உள்ளேயே நின்றுகொள்வார், அவ்வளவு தொலைவிலிருந்து யாரும் எறியப் போவதில்லை. கிளார்க்கிடம் அப்படி நிற்க முடியாது. எனவே இரண்டு தடுப்பாட்டக்காரரும் பாய்ந்து கிளார்க்கைப் பொறியில் பிடிக்கிறார்கள். நான்கு கைகள் மேலே. கிளார்க்கின் உயரம் 6 அடி. அந்தக் கைகளுக்கு மேலாகவோ இடையிலோ, பொறி மூடுவதற்கு அரை நொடி முன்னால் பந்தை விட வேண்டும்.

பந்து போய்ச் சேர்ந்தால் மைதானத்தின் மீதிப் பகுதியில் ஃபீவரின் நான்கு பேரைத் தடுக்க எதிரணியில் மூன்று பேர்தான். எளிய கூடை. ஆனால் அந்த அரை நொடியில் பாஸ்டன் திரும்பியிருக்க வேண்டும், கை தயாராக இருக்க வேண்டும். மே மாத ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தால் திரும்பத் திரும்ப இது தெரியும்: பாஸ் சரியான இடத்துக்குத்தான் வருகிறது, வாங்க வேண்டியவர் இன்னும் திரும்பவில்லை. பந்து விரலில் பட்டு வெளியே போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மிச்சலுக்கு முன்னால் 60 அடி தூரம் எறிந்த பந்து அவருடைய கைக்கு ஒரு முழம் தள்ளிப் போகிறது. ஸ்கோர் தாளில் எல்லாமே கிளார்க்கின் டர்ன்ஓவர்.

எல்லாம் மற்றவர்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பொறிக்குள் தானாகவே நடந்துபோய் மாட்டிக்கொண்டதும் உண்டு. இடதுகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் பந்தைக் காப்பாற்ற முடியாமல் தவித்ததும் உண்டு. ஒரு கையால் பந்தைச் சுண்டி எறியும் பழக்கம் கல்லூரியில் பலித்தது, இங்கே நீண்ட கைகள் அதைத் தட்டிவிட்டன. ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு: கல்லூரியில் 30 நொடி, இங்கே 24. கல்லூரியில் கடைசி ஆண்டு ஆட்டத்துக்கு 4.7 டர்ன்ஓவர், இங்கே 5.6. கூடியது உண்மைதான். ஆனால் ஆட்டமே புரியாத ஒருவருக்குக் கூடும் அளவு இது இல்லை. அசிஸ்ட் 8.9இலிருந்து 8.4, கிட்டத்தட்ட அப்படியே நின்றது. லீக்கிலேயே முதலிடம்.

உண்மையில் இறங்கியது ஷாட். மூன்று புள்ளி ஷாட்டில் கல்லூரியின் கடைசி ஆண்டு 37.8 சதவீதம், ஃபீவரில் 34.4. கோடு மாறவில்லை, இரண்டு இடத்திலும் வளைவில் 22 அடி 1¾ அங்குலம்தான். மாறியது உடல் உரசல். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் இடுப்பில் ஒரு முட்டு, கையில் ஒரு இழுப்பு, திரும்பும்போது ஒரு தோள். நாலாவது குவார்ட்டரில் கால் கனத்துப்போனால் தொலைதூர ஷாட் முன்வளையத்தில் அடித்துத் திரும்பும். ஆட்டத்துக்கு 35 நிமிடம் ஆடுகிறவருக்கு இது தவிர்க்க முடியாதது. கல்லூரியிலிருந்து அவரால் கொண்டுவர முடியாமல் போனது இந்த உடல் வலுதான்.

ஜூன் 1 அன்று சிகாகோவின் செனடி கார்ட்டர் பந்தே ஆட்டத்துக்கு வராத நேரத்தில் கிளார்க்கை இடித்துக் கீழே தள்ளினார். லீக் மறுநாள் அதைக் கடுமையான ஃபவுலாக உயர்த்தியது. அந்த ஒரு காட்சியை வைத்து வாரக்கணக்கில் கூச்சல். கிளார்க்கின் பெயரைச் சொல்லிக்கொண்டு மற்ற வீராங்கனைகளை, குறிப்பாகக் கறுப்பின வீராங்கனைகளை, இணையத்தில் கேவலமாகத் திட்டியவர்கள் ஏராளம். அது சரியில்லை என்று கிளார்க்கே ஜூனில் செய்தியாளர்களிடம் சொன்னார். லீக்கின் 27 ஆண்டு உழைப்பைத் தாங்கிநின்ற பெண்களை அவமதித்துவிட்டுக் கிளார்க்கின் ரசிகர் என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஆத்திரம் வரவைக்கும் விஷயம்.

ஜூலை

ஜூன் 7 அன்று வாஷிங்டனில் 7 மூன்று புள்ளி ஷாட்டோடு 30 புள்ளி. அதன் பின் மெல்ல மெல்ல அணி நிமிர்ந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் கிளார்க் பெயர் இல்லை என்று அந்த வாரம் தெரிந்தது. ஏப்ரலில் நடந்த தேசிய முகாமுக்கு அவரை அழைத்திருந்தார்கள், அதே நாட்களில் அயோவா இறுதிச் சுற்றில் இருந்ததால் போக முடியவில்லை. விடுபட்டதைப் பெரிய அநியாயமாகப் பேசினார்கள். ஃபீவருக்கு அதைவிட நல்லது எதுவும் நடந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன், காரணம் கீழே வருகிறது.

ஜூலை 6, எதிரணி மூன்று முறை அவர்களைத் துவைத்தெடுத்த அதே நியூயார்க். கிளார்க் 19 புள்ளி, 12 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். டபிள்யூஎன்பிஏவில் ஒரு புதுமுகம் எடுத்த முதல் டிரிபிள்-டபுள். ஃபீவர் 83–78 என்று வென்றது. ஜூலை 17 அன்று டாலஸில் 19 அசிஸ்ட், லீக்கில் ஓர் ஆட்டத்தின் சாதனை. அதுவரை கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டின் 18தான் உச்சம். அந்த ஆட்டத்தில் ஃபீவர் தோற்றது. ஆனால் பந்து பாஸ்டன் கையில் இப்போது நின்றது, அதுதான் நான் கவனித்தது. மே மாதம் விரலில் பட்டு வெளியே போன அதே பாஸ், அதே வேகம், அதே இடம். பாஸ்டன் இப்போது ஸ்கிரீன் முடியும் முன்பே திரும்பிவிடுகிறார்.

ஒரு மாத இடைவேளை

ஒலிம்பிக்குக்காக ஜூலை 20 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் பின் லீக் ஏறக்குறைய நான்கு வாரம் நின்றது. அதுவரை ஃபீவர் 11 வெற்றி, 15 தோல்வி. கிளார்க்கின் சராசரி 17.1 புள்ளி. திரும்பி வந்து ஆடிய 14 ஆட்டங்களில் 9 வெற்றி, 5 தோல்வி, கிளார்க்கின் சராசரி 23.1.

இந்த நான்கு வாரம்தான் இந்த நிகழ்வின் திருப்பம். 2023 நவம்பரிலிருந்து இடைவெளி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தவருக்கு முதல் ஓய்வு. சக ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஆட்டத் தேதி எதுவும் தலைமேல் தொங்காமல் பயிற்சி எடுத்ததும் அப்போதுதான். மே மாதம் கிடைத்திருக்க வேண்டிய முகாம் ஆகஸ்டில் கிடைத்தது. பாரிஸுக்குப் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. அங்கே அமெரிக்கா பிரான்சை 67–66 என்று வென்று தங்கம் எடுத்தது. கிளார்க் ஆகஸ்ட் 16 அன்று ஃபீனிக்ஸுக்கு எதிராக 29 புள்ளி, 10 அசிஸ்ட்டோடு திரும்பினார்.

ஆகஸ்ட், செப்டம்பர் ஆட்டங்களில் கெல்சி மிச்சல் பிரமாதமாக ஆடினார். கிளார்க் மேல் இரண்டு பேர் பாயும்போது மறுபக்கம் திறந்து கிடக்கும் இடத்தை அவர் அளவுக்கு யாரும் பயன்படுத்தவில்லை. லெக்சி ஹல் மூலையில் நின்று மூன்று புள்ளி ஷாட்களைப் போட்டுக் கொடுத்தார். டர்ன்ஓவர் மாயமாகிவிடவில்லை, அவை தொடர்ந்தன. ஆனால் பத்துப் பாஸில் எட்டு கூடையாக மாறும்போது மீதி இரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொறியிலிருந்து பாதுகாப்பான பாஸ் மட்டும் போடு என்று கோச் அவரை அடக்கியிருந்தால் 223 ஒருவேளை 150 ஆகியிருக்கும். 337 நிச்சயம் இருந்திருக்காது. அவரை அடக்காமல் விட்டதற்காக கிறிஸ்டி சைட்ஸுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை.

செப்டம்பரில் சாதனைகள் வரிசையாக விழுந்தன. அலிசா தாமஸின் 316 அசிஸ்ட்டைத் தாண்டினார். செப்டம்பர் 15 அன்று டாலஸுக்கு எதிராக 35 புள்ளி எடுத்த ஆட்டத்தில், 2006இல் சிமோன் அகஸ்டஸ் வைத்திருந்த 744 என்ற புதுமுகப் புள்ளிச் சாதனையைக் கடந்தார். முடிவில் 769. மூன்று புள்ளி ஷாட் 122, அதுவும் புதுமுகச் சாதனை. 40 ஆட்டத்தில் ஒன்றையும் தவறவிடவில்லை. வாஷிங்டனில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு 20,711 பேர் வந்தார்கள், லீக்கின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் அதுவரை அதுவே பெரிய கூட்டம். ஃபீவரின் சொந்த அரங்கில் முந்தைய ஆண்டு சராசரியாகச் சுமார் 4,000 பேர், இந்த ஆண்டு 17,000க்கு மேல்.

அணி 20–20 என்று முடித்து, எட்டு ஆண்டுகளுக்குப் பின் பிளேஆஃப் போனது.

பிளேஆஃபும் பிறகும்

எதிரே கனெக்டிகட். முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது. 17 ஷாட்டில் 4, மொத்தம் 11 புள்ளி, 93–69 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் 25 புள்ளி, 9 அசிஸ்ட், கடைசி வரை இழுத்துப்பிடித்து 87–81 தோல்வி. தொடர் முடிந்தது. ஏப்ரலில் சவுத் கரோலினா காட்டிய அதே பாடத்தைத்தான் கனெக்டிகட்டும் காட்டியது: நீளமான கைகள், ஓயாத உரசல், ஆள் மாற்றி ஆள். ஐந்து மாதத்தில் அவருடைய கண்ணும் கையும் லீக்குக்குப் பழகிவிட்டன, உடல் பழக ஐந்து மாதம் போதவில்லை.

சிறந்த புதுமுகத்துக்கான 67 ஓட்டில் 66 அவருக்கு, மீதி ஒன்று ஏஞ்சல் ரீஸுக்கு. சீசனின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களைக் கொண்ட லீக்கின் முதல் ஐவர் அணியிலும் இடம். 2008இல் கேண்டஸ் பார்க்கருக்குப் பின் எந்தப் புதுமுகத்துக்கும் அது கிடைத்ததில்லை.

ஃபீவர் நிர்வாகம் அக்டோபரில் சைட்ஸை அனுப்பிவிட்டு ஸ்டெஃபனி வைட்டைக் கொண்டுவந்தது. பிளேஆஃபில் கிளார்க்கை நிறுத்திய கனெக்டிகட் அணியின் கோச் அவர்தான். அந்தக் குளிர்காலத்தில் கிளார்க் வேறெந்த லீக்கிலும் ஆடாமல் உடலைப் பலப்படுத்துவதற்கே நாட்களை ஒதுக்கினார்.

அதுவரை அவர் சுமந்ததைக் கூட்டிப் பார்த்தால், அயோவாவின் கடைசி சீசனில் 39 ஆட்டம், ஃபீவருக்கு 40, பிளேஆஃபில் 2. பதினோரு மாதத்துக்குள் 81 ஆட்டம், பெரும்பாலானவற்றில் ஓய்வே இல்லாமல். 2025இல் தொடையிலும் இடுப்பு மடிப்பிலும் தசைக் காயங்கள் வந்து அவர் ஆட முடிந்தது 13 ஆட்டம்தான். இதற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலில் கல்லூரிச் சீருடையைக் கழற்றிய பெண்ணை 37 நாளில் லீக்கில் இறக்கும் இந்த அட்டவணையை லீக்கும் கல்லூரி அமைப்பும் உட்கார்ந்து பேசி மாற்ற வேண்டும். கிளார்க்குக்கு இனி அது பயன்படாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்ட் ஆகிறவர்களுக்குப் பயன்படும், அவர்களில் பலர் முகாமைத் தாண்டாமலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.